பதினைந்து யானைகள்

“பம்பு எல்லாமே ஆட்டோவுலதானே இருக்கு?” என்று அந்த ஆய்வாளர் பெண் கேட்டபோது, ஃபியூஸ்காரர் யோசிக்காமல் “ஆமா” என்று சொல்லிவிட்டார். அவள் கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டாள். டிக் போடக் கண் இமைக்கிற நேரம்தான் ஆகும் என்றாலும், அதற்குள் திருத்திக்கொண்டிருக்கலாம். “இல்லம்மா, ஒண்ணு மட்டும்…” என்று இழுத்திருந்தால்கூடப் போதும், கெட்டிக்காரப் பெண், மீதியை அவளே கேட்டு வாங்கியிருப்பாள். ஆனால், இந்தக் கட்டடத்தில் இவருக்குத் தெரியாத வயர் ஒன்றுகூட இல்லை என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் அப்போதுதான் அவரை உச்சியில் தூக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். புகழ்ச்சி ஆறுவதற்குள் குற்றத்தை ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? காலை ஏழு மணி, பம்பு எப்படியும் ஓட வேண்டிய நேரம் என்பதால் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் படியேறிப் போனதும் ஃபியூஸ்காரர் அடித்தள அறையின் மூலையைப் பார்த்தார். சுடுதண்ணீர்ப் பம்பு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் சுவிட்சின் மேல் ஒரு காலண்டர் தொங்கியது. வருடா வருடம் காலண்டரை மாற்றுவார். அதற்குப் பின்னால் இருந்த சுவிட்சை மாற்றிப் பதினோரு வருடம் ஆகிறது.

ஃபியூஸ்காரர் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இருபத்திரண்டு மாடி, நூற்று எழுபத்தாறு வீடு கொண்ட அந்தக் கட்டடத்தில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த முதல் வாரத்தில் ஐந்து தடவை ஃபியூஸ் போனது. ஐந்து தடவையும் மனிதர் படியில் ஓடி ஓடிப் போட்டார். பத்தொன்பது வருடமாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் மனைவியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். அங்கே வீட்டுக்கு வீடு ஹீட்டர் கிடையாது. அடித்தளத்தில் ஒரு பெரிய மின் கொதிகலன். அதில் காயும் தண்ணீரைப் பம்பு தள்ள, அது குழாய் வழியே உச்சி மாடி வரை ஏறி, மிச்சம் மறுபடி கீழே இறங்கி வரும். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் தானாக ஓடித் தானாக நிற்கும்படி அமைத்திருந்தார்கள். நிற்கிற நேரத்தில் யாராவது குழாயைத் திறந்தால் சூடு வந்து சேர நாலைந்து நிமிடம் ஆகும். பம்பு நிற்காமல் ஓடினால் எந்நேரமும் திறந்தவுடன் சூடு. ஆனால் குழாய் முழுக்கச் சுடுதண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தால் அது இருபத்திரண்டு மாடிச் சுவரையும் வேலைமெனக்கெட்டுச் சூடாக்கிக்கொண்டிருக்கும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டக் கொதிகலன் ராப்பகலாக மின்சாரம் குடிக்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில், பதினாலாம் மாடிப் பெண் குறைமாதக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மறுநாளே அவள் கணவன் கண்ணெல்லாம் சிவந்து அடித்தளத்துக்கு இறங்கி வந்தான். “அண்ணே, குழந்தையத் துடைக்க நினைச்ச நேரத்துக்கு வெந்நீர் வேணும். குழாயத் திறந்து வெச்சுட்டு நிக்கிறதுக்குள்ள அதுக்கு உடம்பு சில்லிட்டுப் போயிடுது” என்றான். பம்பு நிற்காமல் ஓடட்டும் என்று ஃபியூஸ்காரர் சுவிட்சை ‘ஆட்டோ’விலிருந்து ‘கை’க்குத் திருப்பினார். ஒரு மாதத்துக்கு என்று நினைத்துத்தான் திருப்பினார். அந்தக் குழந்தை இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறது. லிஃப்டில் எல்லா மாடிப் பொத்தானையும் அமுக்கிவிட்டு வெளியே ஓடிவிடும்.

இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. இப்போது உயரமான குடியிருப்புகள் எவ்வளவு மின்சாரம் தின்கின்றன, எவ்வளவு கரிவாயு கக்குகின்றன என்று அளந்து வாசலில் வண்ண அட்டை மாட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எதிர்க் கட்டடத்துக்கு மஞ்சள். இவர்களுக்குச் சிவப்பு. விருந்தாளிகள் அட்டையைப் பார்த்துவிட்டு, ஏதோ தொற்றுநோய் வீட்டுக்குள் வருவது மாதிரி வருகிறார்கள் என்று செயலாளர் புலம்பினார். காரணம் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பெண்ணை அமர்த்தினார்கள். வாயில் நுழையாத அளவுகளைச் சொன்னால் யாருக்கும் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. “வருஷத்துக்கு அறுநூறு டன் கரிவாயு விடுறீங்க. ஒரு யானை ஆறு டன்னுன்னு வெச்சுக்கங்க. நூறு யானை” என்றாள். அவ்வளவுதான், கட்டடம் முழுக்க யானைப் பேச்சு. ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லும் மாமியார், “வீட்டுக்குள்ள யானை கட்டித் தீனி போடணுமா?” என்றாள். லிஃப்டில் ஏறும் குண்டு மனிதரைப் பார்த்து இன்னொரு குண்டு மனிதர், “எத்தனை யானை சார்?” என்றார். எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அடுத்த வாரம் அவள் இதைச் சொல்லும் வரை: “நூறுல எண்பத்தஞ்சு யானைக்குக் கணக்கு சரியா வருது. பதினஞ்சு யானை எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியல. ஊரே தூங்குற நேரத்துலகூட உங்க மின்சாரம் இறங்க மாட்டேங்குது. யாரோ முழிச்சிருக்காங்க.”

யாரோ முழித்திருக்கிறார்கள் என்றதும் எல்லோர் கண்ணும் ஒன்பதாம் மாடிக்குப் போனது. அங்கேதான் ரொட்டிக்காரம்மா இருந்தாள். விடியும் முன்பே எழுந்து இரண்டு மின்அடுப்பு மூட்டி, ஏழு மணிக்குள் கட்டடத்தில் பாதி வீட்டுக்குச் சுடச்சுட ரொட்டியும் பன்னும் கொடுப்பவள். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள், அந்த அடுப்பை விட்டால் வேறு வரும்படி இல்லை. லிஃப்ட் கதவு ஒவ்வொரு மாடியிலும் திறக்கும்போது அவள் சுட்ட ரொட்டியின் வாசனை உள்ளே வந்து ஏறிக்கொள்ளும். வாயில் எச்சில் ஊற நின்ற அதே ஜனங்கள்தான் இப்போது மூக்கைச் சுளித்தார்கள். “ரெண்டு ஓவன்னா சும்மாவா?” என்றார்கள். இரண்டு வாரம் இப்படிப் போனதும், செயலாளர் அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்: வீடுகளில் தொழில்முறை மின்அடுப்புகளுக்குத் தடை. தீர்மானத்தில் பெயர் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அந்தக் கட்டடத்தில் வேறு யார் ரொட்டி சுடுகிறார்கள்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நோட்டீஸைப் படித்த ஃபியூஸ்காரருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, கத்தாமலிருக்கவும் முடியாது. அவளிடம் அவர் தினம் இரண்டு பன் வாங்குபவர். “அண்ணே, உங்களுக்கு ஓரத்துல இருக்கறது, மொறுமொறுன்னு” என்று தனியாக எடுத்து வைப்பாள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் காலண்டரைத் தூக்கி, சுவிட்சைத் திரும்பவும் ‘ஆட்டோ’வுக்குத் திருப்பினார். பம்பு ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகத் தப்பித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டார். மின்சாரம் தானாக இறங்கிவிடும், ஆய்வாளர் பெண் மகிழ்ந்துபோவாள், சிவப்பு அட்டை போய்விடும், தீர்மானத்துக்கு வேலை இருக்காது, ரொட்டிக்காரம்மாவும் பிழைப்பாள், தன் மானமும் பிழைக்கும். அன்று மாலை மனைவியிடம் காரணமில்லாமல் இரண்டு ஜோக் சொன்னார். அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை ரொட்டி வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. வியாழன் பத்து மணிக்கு ரொட்டிக்காரம்மா ஒரு பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு அடித்தளத்துக்கே வந்துவிட்டாள். முந்தானையில் மாவு, முகத்தில் தூக்கமில்லாத வீக்கம்.

“அண்ணே, என் மாவு எழும்ப மாட்டேங்குது.”

“அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? ஈஸ்ட் பழசா இருக்கும்.”

“புதுசு வாங்கிப் போட்டும் பார்த்துட்டேன். ஈஸ்ட் இல்லண்ணே, டக்ட்டு. எங்க மாடியில குழாய் போற அந்தச் சின்ன ரூம் எப்பவும் கதகதன்னு இருக்குமா? ஏழு வருஷமா அங்கதான் மாவு வைக்கிறேன். சாயங்காலம் பெசஞ்சு வெச்சா விடிகாலைல ரெண்டு மடங்கா நிக்கும். முந்தாநாள்லேர்ந்து ராத்திரியெல்லாம் குழாய் சில்லுனு இருக்கு. இந்தக் குளிருக்கு மாவு கல்லு மாதிரி உக்காந்திருக்கு, பாருங்க.”

பேசினை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். மாவு உண்மையாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பதினைந்து யானையையும் இவள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இவளோ, அந்த யானைகள் வீணாக விட்ட மூச்சில் மாவு எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு பைசா மின்சாரம் கூடுதலாகச் செலவழிக்காமல். அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டாவது தடவையாக வாய்ப்பு வந்து நின்றது, இரண்டாவது தடவையாக அவர் அதற்கு முதுகைக் காட்டினார்.

“பார்க்கிறேன்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தை மனைவியிடம் கக்கிவிட்டார். கட்டடத்தின் பின்புறம் தரைத்தளத்தில்தான் அவர்கள் வீடு. அவள் சாவகாசமாகக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “மத்தியானத்துல வெந்நீர் வராதப்பவே நெனைச்சேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற ஆளு, கொஞ்சம் பெரிய தட்டா எடுத்திருக்கணும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் பொண்ணுக்கு அடுப்பு போச்சுன்னா, அதுக்கப்புறம் ஒரு ரொட்டித் துண்டு உங்க தொண்டைல இறங்குமா?” என்று கேட்டாள். அவர் தட்டை நகர்த்தி வைத்தார். சாப்பிட்டதே இறங்காமல்தான் இருந்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தரைத்தளக் கூடத்தில் கூட்டம். வழக்கமாகப் பதினைந்து பேர் வந்தால் செயலாளர் பூரித்துப்போவார். அன்று நாற்காலி போதாமல் ஜன்னல் திண்டிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டிக்காரம்மா கடைசி வரிசையில், தன் வீட்டிலிருந்து எடுத்துவந்த பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மூன்று நாளாக ரொட்டி சுடாத கைகள். ஆய்வாளர் பெண் சுவரில் ஒரு படம் காட்டினாள். நாளுக்கு ஒரு தூண். பத்துப் பதினைந்து தூண்கள் ஒரே உயரமாக நின்று, புதன், வியாழன், வெள்ளி மூன்றும் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தன.

“இந்த மூணு நாளா நல்லா எறங்கியிருக்கு. காரணம் என்னன்னு இன்னும்…” என்று அவள் தொடங்கினாள்.

செயலாளர் முடிக்கவிடவில்லை. “காரணமா? புதன், வியாழன், வெள்ளி… ரொட்டி வராத மூணு நாள்!” என்றார். கண்டுபிடித்த பெருமையில் அவர் கண்ணாடியே மூக்கிலிருந்து நழுவியது. கூடம் முழுக்க “அட ஆமா!” என்ற முணுமுணுப்பு எழுந்தது. எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டது போல யாரோ, “வேற சாட்சி எதுக்கு? கையத் தூக்கிடலாம்” என்றார்கள்.

ரொட்டிக்காரம்மா எழுந்தாள். “மாவு எழும்பலைன்னுதாங்க நான் சுடல” என்றாள். அவளுக்கே அந்தத் தூண்களைப் பார்த்துக் குழப்பமாக இருந்தது. ஒருவேளை எல்லாம் தன் அடுப்புதானோ என்கிற மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத்தான் ஃபியூஸ்காரரால் தாங்க முடியவில்லை. தான் கவனமாகத் திருப்பி வைத்த சுவிட்சே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தவர், மைக்கையே எடுத்துக்கொண்டார்.

“நாந்தான்” என்றார். மைக் கீச்சென்றது. “அந்தப் பதினஞ்சு யானையும் என்னோடதுங்க.”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பம்பு, காலண்டர், சுவிட்ச், செவ்வாய்க்கிழமை மூன்று மணி, டக்ட் சூட்டில் எழும்பிய மாவு என்று எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் கொட்டினார். வயர் விஷயத்தில் அவ்வளவு ஒழுங்கான மனிதர், வார்த்தை விஷயத்தில் ஒரே சிக்கல். ஆனாலும் புரிந்தது. செயலாளர், “ஒரு மாசத்துக்குன்னு போட்டதப் பதினோரு வருஷமா ஏன்யா நிறுத்தல?” என்று கேட்டார்.

“நிறுத்தத்தான் சார் போனேன். அப்பப் பார்த்து ஆறாம் மாடி சாருக்கு இடுப்பு ஒடைஞ்சு படுத்துட்டாரு. அவரு எழுந்து நடந்ததும் போனேன். பத்தொன்பதாம் மாடியில ரெட்டைப் புள்ளை பொறந்துச்சு. அப்புறம் மூணாம் மாடி டாக்டரம்மாவுக்கு நைட் டூட்டி, விடிகாலைல வந்து குளிப்பாங்க. அப்புறம் உங்க சம்சாரத்துக்கு மூட்டு வலி, சார். இந்தக் கட்டடத்துல எப்பவும் யாராவது ஒருத்தருக்கு ஒடனே வெந்நீர் தேவைப்பட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்படியே பழகிப்போச்சு, அப்புறம் மறந்தும்போச்சு. அதுகூடப் பரவால்ல. இந்தப் பொண்ணு கேட்டப்ப ஆட்டோவுலதான் இருக்குன்னு பொய் சொன்னேன். ரொட்டிக்காரம்மா மேல எல்லாரும் பாஞ்சப்பவும் பார்த்துக்கிட்டு நின்னேன். அதுதான் தப்பு.”

பதினாலாம் மாடிப் பெண் கைக்குட்டையைத் தேடினாள். அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு பெரியவர் மெல்லக் கையைத் தூக்கி, கவலை தோய்ந்த குரலில், “அப்ப இனிமே மத்தியானத்துல வெந்நீர் வராதா?” என்று கேட்டார். கூடம் சிரிப்பில் வெடித்தது. பூமியைக் காப்பாற்றுவது பற்றிச் செயலாளரை விடச் சத்தமாகப் பேசியவர்தான் அவர். ஆய்வாளர் பெண்ணும் தாளால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: பம்பு காலை மாலை மட்டும் ஓடட்டும், டாக்டரம்மாவுக்காக வேண்டுமானால் அரை மணி முன்னதாகத் தொடங்கலாம், குழாய் முழுக்க உறை சுற்ற வேண்டும், நடுவில் வெந்நீர் வேண்டுபவர்கள் நாலு நிமிடம் காத்திருக்க வேண்டும், முதலில் வரும் பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தால் துணி துவைக்க ஆகும். மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பாள். அட்டை மஞ்சளாகுமா என்பது அப்போதுதான் தெரியும்.

தடைத் தீர்மானத்தைச் செயலாளரே கிழித்தார். ஃபியூஸ்காரரை என்ன செய்வது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அதுவரை இருபத்திரண்டு மாடிக் குழாய்க்கும் உறை சுற்ற வேண்டியது அவர் பொறுப்பு. ஜனங்கள் ரொட்டிக்காரம்மாவைச் சூழ்ந்துகொண்டு, நாங்கள் அப்போதே நினைத்தோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டினாள். ஃபியூஸ்காரர் அருகில் போய், “தங்கச்சி…” என்றார்.

“மூணு வாரம்ணே” என்றாள் அவள். “என் பொண்ணுங்க லிஃப்டுல ஏறினா பேச்ச நிறுத்துவாங்க. நீங்க மூணு வாரம் எங்கிட்ட பன் வாங்கித் தின்னீங்க.” தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அவர் உச்சி மாடியிலிருந்து உறை சுற்றத் தொடங்கினார். செவ்வாயும் புதனும் சுற்றினார். ஒவ்வொரு டக்ட் கதவைத் திறந்தபோதும் ஒரு உலகம் இருந்தது. ஈரக் காலுறைகள், நனைந்த ஷூக்கள், ஒரு மாடியில் தயிருக்குப் பிரை குத்திய பாத்திரம். யானை விட்ட சூட்டில் ரொட்டிக்காரம்மா மட்டும் குளிர்காயவில்லை போலும். ஒன்பதாம் மாடியில் மட்டும் அவர் கதவைத் தட்டவில்லை. ஓசைப்படாமல் சுற்றிவிட்டு இறங்கிவிட்டார்.

வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு அடித்தளப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரொட்டிக்காரம்மா வந்தாள். இரண்டு கையிலும் ஒரு பெரிய பேசின், மேலே ஈரத்துணி. அவரைப் பார்க்காமல் நேரே கொதிகலனிடம் போய், அதன் பக்கத்துப் பலகையில் கையை வைத்துச் சூடு பார்த்தாள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தடவிப் பார்த்து, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பேசினை வைத்தாள்.

“ரெண்டு மணி நேரம்” என்றாள் சுவரிடம் சொல்வது போல. “கதவ டமார்னு சாத்தக் கூடாது. காத்து படக் கூடாது. ஆடினா அமுங்கிடும்.”

“நான் பார்த்துக்கிறேன்மா.”

“பார்க்கிறேன்னு போன வாரமும் சொன்னீங்க” என்றாள். உதட்டோரத்தில் ஏதோ ஒன்று நெளிந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. படியேறிப் போய்விட்டாள்.

ஃபியூஸ்காரர் ஸ்டூலை இழுக்காமல் தூக்கி வந்து பலகைக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கதவிடுக்கில் காற்று வருகிறதா என்று பார்த்து, தன் சட்டையைக் கழற்றி அங்கே அடைத்தார். பனியனோடு காவல் இருந்தார். ஐந்து மணிக்கு ஃபோன் அடித்தது. பாய்ந்து போய் முதல் மணியிலேயே எடுத்தார். பன்னிரண்டாம் மாடி. தண்ணீர் மூன்று நிமிடமாகச் சில்லென்றே வருகிறது என்று ஒரு குரல் காதைப் பிளந்தது.

“இன்னும் ஒரே நிமிஷம் சார், வந்துடும்” என்றார் ஃபியூஸ்காரர், ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு.

“என்னய்யா? ஒண்ணும் கேக்கல, சத்தமாப் பேசு!”

“முடியாது சார்” என்று அவர் ரகசியக் குரலில் சொன்னார். கண்ணைப் பேசினிலிருந்து எடுக்கவில்லை. ஈரத்துணியின் நடுப்பகுதி, யாரோ உள்ளிருந்து மூச்சை இழுத்துப் பிடிப்பது போல, மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.